கம்பிக்குக் கீழே, கைக்கு அருகே

உயரழுத்தக் கம்பிக்குப் பக்கத்தில் மனை வாங்கலாமா? புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் இந்தக் கேள்வியைக் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். "லைன் தள்ளித்தாங்க போகுது, பயப்படாதீங்க" என்பார் புரோக்கர். "அதுக்குக் கீழ நின்னாலே தலை சுத்தும்" என்பார் வீட்டுப் பெரியம்மா. படித்த பிள்ளை செல்போனில் ஒரு ஆப்பைத் திறந்து, "இங்க 41 மைக்ரோடெஸ்லா காட்டுது. 0.4-க்கு மேல போனாலே ஆபத்துன்னு நெட்ல போட்டிருக்கான்" என்று அட்வான்ஸ் கொடுக்க வந்தவரையே திரும்பி நடக்க வைத்துவிடுவான்.

அந்த 41-ஐ முதலில் தீர்த்துவிடலாம். அது பூமியின் காந்தம். செல்போனில் திசைகாட்டிக்கென்று வைத்திருக்கும் சில்லு அதைத்தான் அளக்கிறது. ஊசுட்டேரியின் நட்டநடுவில் படகில் உட்கார்ந்து பார்த்தாலும் கிட்டத்தட்ட அதே எண்தான் வரும். புதுச்சேரியில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடமே இருக்கிறது. இந்த எண்ணைக் கவனிப்பதுதான் அதன் வேலை. பூமியின் காந்தம் ஒரே பக்கம் பார்த்து அசையாமல் நிற்கும். மின்கம்பியிலிருந்து வருவது வேறு ஜாதி. நம் வீட்டுக் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அதன் காந்தப்புலம் நொடிக்கு நூறு முறை திசை மாறுகிறது. ஆராய்ச்சியாளர்கள் பேசும் 0.4 அந்த அலைபாயும் புலத்தின் அளவு. அதை அளக்கத் தனி மீட்டர் வேண்டும், ஆப் போதாது.

ஆனால் கேள்வி வீண் கேள்வி இல்லை. புதுச்சேரி தனக்கு வேண்டிய மின்சாரத்தை ஏறக்குறைய முழுக்க வெளியிலிருந்துதான் வாங்குகிறது. காரைக்காலில் 32.5 மெகாவாட் எரிவாயு மின்நிலையம் ஒன்று உண்டு, கூரைகளில் சூரியத் தகடுகள் உண்டு. மற்றதெல்லாம் நெய்வேலி போன்ற இடங்களிலிருந்து கோபுரம் கோபுரமாக ஏறி இறங்கி வருவது. அது வந்து சேரும் 230 கிலோவோல்ட் துணைமின் நிலையங்களின் பெயர்களைப் பாருங்கள்: வில்லியனூர், பாகூர், தொண்டமாநத்தம். கடற்கரைச் சாலை ஓட்டல்களில் ஏசி ஓட, கம்பியைத் தாங்குவது கிராமத்து நெல்வயல். அந்த வயல்களும் இப்போது மனையாகி வருகின்றன.

வோல்ட்டா, ஆம்பியரா?

கோபுரத்தைப் பார்த்தால் வரும் பயம் வோல்ட்டைப் பார்த்து வரும் பயம். 230 கிலோவோல்ட், 400 கிலோவோல்ட் என்று பலகையில் மண்டையோட்டோடு எழுதியிருக்கிறதே! ஆனால் காந்தப்புலத்துக்கு வோல்ட் கணக்கு தெரியாது. கம்பியில் எத்தனை ஆம்பியர் ஓடுகிறது, நாம் எவ்வளவு தள்ளி நிற்கிறோம், இந்த இரண்டுதான் அதற்குக் கணக்கு. நீளமான ஒற்றைக் கம்பியில் 1 ஆம்பியர் ஓடினால் 1 மீட்டர் தள்ளி 0.2 மைக்ரோடெஸ்லா. பிளஸ் டூ இயற்பியல்தான். போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் ஒட்டி ஓடினால் ஒன்றின் புலத்தை இன்னொன்று பெருமளவு அழித்துவிடும். அதனால்தான் மிக்ஸி ஒயருக்குப் பக்கத்தில் ஏறக்குறைய ஒன்றுமே இருக்காது. மிக்ஸிக்குப் பக்கத்தில் இருக்கும்.

கோபுரத்துக்கு வருவோம். மூன்று பேஸ் கம்பிகள் 6 மீட்டர் இடைவெளியில், 12 மீட்டர் உயரத்தில், 300 ஆம்பியர் சுமந்து போவதாக வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். நேர் கீழே சுமார் 4 மைக்ரோடெஸ்லா. 50 மீட்டர் தள்ளினால் கால் மைக்ரோடெஸ்லா. 100 மீட்டரில் 0.06. மிக்ஸி வகையறாவுக்கு அமெரிக்காவில் வெளியிட்ட அளவு 15 சென்டிமீட்டரில் சுமார் 7, 30 சென்டிமீட்டரில் 1. உலக சுகாதார நிறுவனம் எடுத்துக்காட்டும் ஜெர்மன் பட்டியலில், ஹேர் டிரையருக்கு 3 சென்டிமீட்டரில் 6 முதல் 2,000 வரை. மின் சவர மெஷினுக்கு 15 முதல் 1,500 வரை. ஒயர் வைத்த மெஷினில் நாள் முழுக்க முடி வெட்டும் சலூன்காரரின் உள்ளங்கையை நினைத்துப் பாருங்கள். கோபுரத்தடியில் கட்டில் போட்டுப் படுப்பவருக்குக்கூட அந்தக் கை வாங்கும் அளவு கிடைக்காது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு உண்டு. மிக்ஸி மூன்று நிமிடம், கம்பி இருபத்துநான்கு மணி நேரம். சரிதான். ஆராய்ச்சிகள் பார்ப்பதும் பெரும்பாலும் நாள் முழுக்கச் சேர்த்த சராசரியைத்தான்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிட்டுப் போவோம். 2018, 2019-இல் கொங்கு மண்டலத்தில் உயரழுத்தக் கோபுரங்களை எதிர்த்துப் போராடிய விவசாயிகள், கம்பிக்குக் கீழே வெறும் டியூப்லைட்டைக் கையில் பிடித்து எரியவைத்துக் காட்டினார்கள். கண்ணைக் கட்டிப்போடும் காட்சி. ஆனால் அந்த லைட்டை எரிய வைப்பது மின்புலம், வோல்ட்டிலிருந்து வருவது. சுவரும் மரமும் அதைத் தடுத்துவிடும். காந்தப்புலத்தைச் சுவர் தடுக்காது. நிலம் போகிறது, இழப்பீடு போதவில்லை என்ற அவர்கள் வழக்குக்கு டியூப்லைட் சாட்சியே தேவையில்லை. அது தன்பாட்டுக்கு வலுவான வழக்கு.

டென்வரில் தொடங்கிய சந்தேகம்

இந்தப் பயத்துக்குப் பிறந்த ஊர் அமெரிக்காவின் டென்வர். 1970களில் நான்சி வெர்த்தைமர் என்ற பெண்மணி, ரத்தப் புற்றுநோயால் இறந்த குழந்தைகளின் முகவரிகளை வைத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போனார். ஏதாவது தொற்று பரவியிருக்குமோ என்று தேடியவர் கண்ணில் பட்டது, அந்த வீடுகள் பலவற்றின் அருகே நின்ற டிரான்ஸ்பார்மர் கம்பங்கள். எட் லீப்பர் என்ற இயற்பியலாளரோடு சேர்ந்து 1979-இல் கட்டுரை வெளியிட்டார். உலகம் முழுக்கப் பற்றிக்கொண்டது.

இருபது வருஷ ஆராய்ச்சிகளை ஒன்றாகச் சேர்த்து 2000-இல் இரண்டு பெரிய தொகுப்பாய்வுகள் வந்தன. வீட்டில் சராசரி 0.4 மைக்ரோடெஸ்லாவுக்கு மேல் இருந்த குழந்தைகளிடம் ரத்தப் புற்றுநோய் ஏறத்தாழ இரண்டு மடங்கு என்றது ஒன்று, 0.3-க்கு மேலே அதே போக்கு என்றது மற்றொன்று. படித்த பிள்ளையின் 0.4 இங்கிருந்து வந்ததுதான். அதை ஒட்டிச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் தாழ் அதிர்வெண் காந்தப்புலத்தை '2பி' வகையில் போட்டது, புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று. ஆசிய ஊறுகாய் வகைகளும் அதே வகையில்தான் இருக்கின்றன என்பதைச் சொன்னால் பாகூர்ப் பாட்டிகள் சிரிப்பார்கள்.

பிறகு நடந்தது நாளிதழ்களில் அவ்வளவாக வரவில்லை. பிரிட்டனில் 2005-இல், பிறந்தபோது கம்பிக்கு 200 மீட்டருக்குள் இருந்த குழந்தைகளுக்கு ஆபத்து அதிகம் என்று ஒரு ஆய்வு சொன்னது. 600 மீட்டர் வரைகூடக் கொஞ்சம் தெரிந்தது. 600 மீட்டரில் கம்பியின் புலம் ஏது? அதே குழு இன்னும் நீண்ட காலத் தரவை எடுத்து 2014-இல் பார்த்தபோது, அந்தத் தொடர்பு பத்தாண்டுக்குப் பத்தாண்டு தேய்ந்து மறைந்திருந்தது. கம்பியில் ஓடும் கரண்ட் குறையவில்லை, ஆபத்து குறைந்திருக்கிறது. அப்படியானால் காரணம் வேறு ஏதோ, அந்த வீடுகளில் குடியிருந்தவர்கள் மாறியதோ என்னவோ. உலக சுகாதார நிறுவனம் 2007-இல் போட்ட கணக்கும் முக்கியம்: காந்தப்புலம்தான் காரணம் என்றே வைத்துக்கொண்டாலும், உலகக் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயில் அதன் பங்கு 0.2 முதல் 4.95 சதவீதம்.

என் கட்சி இது: குழந்தையின் படுக்கை கம்பியிலிருந்து ஐம்பது மீட்டர் தள்ளியிருந்தால் நல்லது, வாங்கும்போதே பார்த்து வாங்குங்கள். ஏற்கெனவே கட்டிவிட்டவர் வீட்டை விற்றுவிட்டு ஓட வேண்டியதில்லை.

முழங்காலுக்குப் பக்கத்தில்

குழந்தைக்காகக் கோபுரத்தைப் பார்த்துக் கவலைப்படும் அதே வீட்டில் அம்மா தைத்துக்கொண்டிருப்பார். ஜாக்கெட்டோ, கம்பெனி கொடுத்த ஜாப் ஒர்க்கோ. வீட்டு மெஷின் என்றால் சின்ன மோட்டார் வலது கைப்பக்கம், சக்கரத்துக்கு அடியில் திருகியிருக்கும். பவர் மெஷின் என்றால் மேசைப் பலகைக்குக் கீழே கிளட்ச் மோட்டார் தொங்கும். பெல்ட் மேலே ஏறும், பெடலில் கால். மோட்டாருக்கும் முழங்காலுக்கும் இடையே ஒரு ஜாண் இருந்தால் அதிகம். கிளட்ச் மோட்டாரின் குணம் என்னவென்றால், சுவிட்சைப் போட்டதிலிருந்து அணைக்கும் வரை அது ஓடிக்கொண்டே இருக்கும். பெடலை மிதித்தால்தான் ஊசி ஓடும். மிதிக்காவிட்டாலும், பாபின் மாற்றினாலும், நூல் கோத்தாலும் உள்ளே மோட்டார் ஓடுகிறது. 'உம்' என்ற அந்தச் சத்தம் வரும் நேரமெல்லாம் புலம் இருக்கிறது.

அமெரிக்காவில் பலவகைத் தொழிலாளர்கள் உடலில் சிறு மீட்டரைக் கட்டி வேலைநாள் முழுக்க அளந்திருக்கிறார்கள். மின்கம்பித் தொழிலாளியின் இடைநிலை அளவு 0.25 மைக்ரோடெஸ்லா. துணைமின் நிலைய ஆபரேட்டருக்கு 0.72. தையல் மெஷின் ஓட்டுபவருக்கு 0.68. வெல்டருக்கு 0.8-க்கும் மேல். கணினி இல்லாத அலுவலக எழுத்தருக்கு 0.05. கோபுரத்தில் ஏறும் ஆளைவிட, நாற்காலியில் உட்கார்ந்து தைக்கும் பெண் இரண்டு மடங்குக்கும் மேலே வாங்கியிருக்கிறார்!

தையற்காரர்களைப் பற்றித் தனியாகவே ஒரு ஆய்வு உண்டு. தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் யூஜின் சோபெல் குழு, பின்லாந்திலும் லாஸ் ஏஞ்சலஸிலும் அல்சைமர் நோயாளிகள் முன்பு என்ன வேலை பார்த்தார்கள் என்று தோண்டியது. தையல்காரர்கள் எதிர்பாராத அளவுக்கு வந்து விழுந்தார்கள். அதிகப் புலம் உள்ள வேலைகளில் இருந்தவர்களுக்கு ஆபத்து சுமார் மூன்று மடங்கு என்று 1995-இல் எழுதினார்கள். பிறகு வந்த ஆய்வுகளில் சில ஆமாம் என்றன, சில இல்லை என்றன. எண்ணிக்கை சிறியது, ஒப்பிட்ட விதம் சரியில்லை என்ற விமர்சனங்களும் வந்தன. தையல் மெஷின் மறதி நோய் தரும் என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது நிரூபணமாகாத பேச்சு. ஆனால் கோபுரத்தைப் பற்றி நூறு முறை பேசிய நாம், தையல் மெஷினைப் பற்றி ஒரு முறைகூடப் பேசியதில்லை. அங்கே உட்கார்ந்திருப்பது பெண் என்பதாலும், அது வீட்டுக்குள் நடக்கும் வேலை என்பதாலும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

வயல்காட்டில் ஒரு சுவாரசியம். அந்தக் காலத்து மோட்டார் கொட்டகையில் மோனோபிளாக் மோட்டார் தரையிலேயே இருக்கும். ஆட்கள் அதற்குப் பக்கத்திலேயே குளிப்பார்கள், சாப்பிடுவார்கள், தூங்குவார்கள். நிலத்தடி நீர் இறங்க இறங்க மோட்டார் நீர்மூழ்கியாகிப் போர்க்குழாய்க்குள் போய்விட்டது. தண்ணீர் விஷயத்தில் பெரிய நஷ்டம். காந்தப்புல விஷயத்தில் மட்டும் விவசாயிக்குத் தெரியாமலே ஒரு லாபம்.

தோளில் தொங்கும் கேபிள்

புலம் உண்மையிலேயே கொழுத்து நிற்கும் இடம் வெல்டிங் பட்டறை. வில்லியனூர் சாலைகளில் கேட், கிரில், ஷட்டர் செய்யும் பட்டறைகளுக்குக் குறைவில்லை. சாதாரண 3.15 மில்லிமீட்டர் ராடுக்கு நூறு ஆம்பியருக்கு மேல் வைப்பார்கள். ஹோல்டர் கேபிள் கனமானது. இழுபடாமல் இருக்கத் தோளில் போட்டுக்கொள்வது வழக்கம். எர்த் கிளாம்பு அங்கே எங்கோ கேட்டின் மறுமூலையில். போகிற கேபிள் தோளில், திரும்புகிற கேபிள் பத்தடி தள்ளி. ஒன்றை ஒன்று அழிக்க வாய்ப்பே இல்லை. ஒற்றைக் கம்பிக் கணக்கைப் போடுங்கள்: 100 ஆம்பியர், 10 சென்டிமீட்டர் தூரம், 200 மைக்ரோடெஸ்லா. கேபிள் கழுத்தை ஒட்டி, இரண்டு சென்டிமீட்டரில் கிடந்தால் 1,000.

இந்த எண்களுக்கு அர்த்தம் உண்டு. அயனியாக்காத கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான சர்வதேச ஆணையம் 2010-இல் வகுத்த வரம்பு, 50 ஹெர்ட்ஸில் பொதுமக்களுக்கு 200, தொழிலாளர்களுக்கு 1,000 மைக்ரோடெஸ்லா. இது புற்றுநோய் பயத்தில் வைத்த வரம்பு இல்லை. வலுவான புலம் உடலுக்குள் சிறு மின்னோட்டத்தை உண்டாக்கி நரம்பைத் தூண்டும். அதைத் தவிர்க்க வைத்தது. 1896-லேயே பிரான்சில் தார்சொன்வால் என்பவர், பெரிய சுருளுக்குள் தலையை விட்டவர்களுக்குக் கண்ணில் ஒளி மினுங்குவதைப் பதிந்துவைத்தார். அதற்கு ஆயிரக்கணக்கான மைக்ரோடெஸ்லா வேண்டும். சேதராப்பட்டு மாதிரியான தொழிற்பேட்டை வேலைகளில் ஸ்பாட் வெல்டிங் மெஷினும் இரும்பு உருக்கும் தூண்டல் உலையும்தான் அந்த அளவை நெருங்கக்கூடியவை. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர் இவற்றின் பக்கம் போகக்கூடாது. இது சந்தேகத்துக்கு இடமில்லாத விஷயம்.

செய்ய வேண்டியது செலவில்லாத வேலை. கேபிளைத் தோளில் போடாதீர்கள், உடம்பில் சுற்றாதீர்கள். எர்த் கிளாம்பை வெல்டிங் போடும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். இரண்டு கேபிளையும் ஒரே பக்கமாகச் சேர்த்துக் கொண்டு வாருங்கள். இரண்டுக்கும் நடுவில் நிற்காதீர்கள். மெஷின் பெட்டி இரண்டு மீட்டர் தள்ளி இருக்கட்டும்.

ஆனால் பட்டறையில் புலத்தைவிடப் பெரிய எமன் புகை. காந்தப்புலத்தை '2பி'யில் வைத்த அதே நிறுவனம், வெல்டிங் புகையை 2017-இல் முதல் வகைக்கு ஏற்றிவிட்டது; புற்றுநோய் தருவது உறுதி என்ற வகை, சிகரெட் இருக்கும் வகை. கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு அந்தப் புகைக்குள் குனியும் பையனிடம் மைக்ரோடெஸ்லா பற்றி மட்டும் பேசிவிட்டு வருவது நியாயமில்லை.

எல்.சி. வாங்கிய பிறகும்

புலத்தைவிடப் பெரிய எமன் வேறு என்பது லைன்மேன் விஷயத்தில் இன்னும் கூர்மை.   நம்மூரில் கம்பத்தில் ஏறுமுன் துணைமின் நிலையத்தில் எல்.சி. வாங்குவார்கள், அதாவது லைன் கிளியர். கரண்ட் இல்லை, ஆம்பியர் இல்லை, புலமும் இல்லை.

மின்வாரியத் தொழிலாளர்களை வைத்து உலகில் பெரிய ஆய்வுகள் நடந்திருக்கின்றன. கனடா, பிரான்ஸ் மின் நிறுவனங்களின் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களைப் பார்த்த 1994 ஆய்வு ரத்தப் புற்றுநோயில் ஒருவகைத் தொடர்பைக் கண்டது. அமெரிக்காவில் 1,38,905 பேரைப் பார்த்த 1995 ஆய்வு, ரத்தப் புற்றுநோய் இல்லை, மூளைப் புற்றுநோய் கொஞ்சம் கூடுதல் என்றது. ஒன்றை ஒன்று மறுக்கும் முடிவுகள். மின்வேலை செய்பவர்களிடம் ஏ.எல்.எஸ். என்ற நரம்புச் சிதைவு நோய் சற்று அதிகம் என்று பல ஆய்வுகளில் வந்திருக்கிறது. அதற்குக் காரணம் காந்தமா, அடிக்கடி வாங்கும் ஷாக்கா என்று பிரிக்க முடியாமல் இன்னும் தடுமாறுகிறார்கள்.

லைன்மேனைக் கொல்வது எது என்பதில் எந்தத் தடுமாற்றமும் இல்லை. எல்.சி. வாங்கிய பிறகும், ஏதோ ஒரு கல்யாண மண்டபத்தின் ஜெனரேட்டரோ வீட்டு இன்வெர்ட்டரோ சரியான சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் கம்பிக்குள் கரண்டைத் திருப்பி அனுப்பும். எர்த் ராடு போடாமல் கை வைத்தால் அவ்வளவுதான். இந்தியாவில் வருஷத்துக்குப் பத்தாயிரம் பேருக்கு மேல் மின்சாரம் தாக்கிச் சாகிறார்கள் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் கணக்குக் காட்டுகிறது. பன்றிக்குப் போட்ட திருட்டு மின்வேலியும், மழைக்காலத்து ஸ்டார்ட்டர் பெட்டியும், அறுந்து கிடக்கும் கம்பியும் அதில் அடக்கம்.

வீட்டு ஒயரிங்கிலும் புலம், ஷாக் என்ற இரண்டும் கைகோத்துத்தான் வரும். நியூட்ரல் அறுந்துபோனதால் எர்த்தையே நியூட்ரலாக்கி ஓட்டும் வீடுகள் கிராமத்தில் உண்டு. திரும்பும் கரண்ட் தன் ஒயர் வழியே வராமல் தரை வழியாகவும் குழாய் வழியாகவும் வரும்போது புலம் அழியாமல் வீடெங்கும் நிற்கிறது. குழாயைத் தொட்டவருக்கு ஷாக்கும் அடிக்கிறது. அதைச் சரிசெய்யும் எலக்ட்ரீஷியன் இரண்டையும் ஒரே வேலையில் தீர்த்துவிடுகிறார்.

யார் அளப்பது?

செல்போன் கோபுரங்களுக்கு 2012-இல் மத்திய அரசு சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்கை விதித்தது. அது ரேடியோ அலை, வேறு கணக்கு. மின்கம்பிக்கு விதிகள் பேசுவது பெரும்பாலும் இடைவெளி: 11 கிலோவோல்ட் என்றால் சுவரிலிருந்து 1.2 மீட்டர், 33 என்றால் 2 மீட்டர், அதற்கு மேல் ஒவ்வொரு 33-க்கும் 0.3 மீட்டர். கரண்ட் தாவாமல் இருக்கத்தான் அந்த இடைவெளி, புலத்துக்காக இல்லை. புலத்தை நாமே அளக்கலாம்.

புதுச்சேரி ராமநாதபுரத்தில் ஜிப்மரின் கிராமப்புற மையம் இருக்கிறது. பாகூர் கொம்யூனில் இரண்டு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. பொறியியல் மாணவர்களுக்குப் புராஜெக்ட் தலைப்பு கிடைக்காத ஊரா இது? மீட்டர் ஒன்றும் யானை விலை இல்லை. இருபது தையல்காரர்கள், பத்து வெல்டர்கள், டிரான்ஸ்பார்மரடிப் பெட்டிக்கடைக்காரர்கள், கோபுரத்துக்கு ஐம்பது மீட்டருக்குள் படுக்கையறை உள்ள வீடுகள். நாள் முழுக்க அளந்து ஊருக்குச் சொன்னால் புரோக்கரும் பெரியம்மாவும் அதை வைத்துப் பேசிக்கொள்ளலாம்.

தையல் கம்பெனிகள் பல கிளட்ச் மோட்டாரைக் கழற்றிவிட்டு சர்வோவுக்கு மாறிவிட்டன. சர்வோ, தைக்கும்போது மட்டும் ஓடும். சத்தமில்லை, கரண்ட் பில் குறைவு. காந்தப்புலத்தை நினைத்து யாரும் மாற்றவில்லை, பில்லை நினைத்துத்தான். அவர்கள் கழித்துப்போட்ட பழைய கிளட்ச் மோட்டார் மெஷின்கள் செகண்ட் ஹேண்டில் விலை மலிவாக வருகின்றன. அவற்றை வாங்கி, கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே போட்டு, பீஸுக்கு இவ்வளவு என்று தைப்பது வீட்டில் இருக்கும் பெண்கள்தான்.